மடியில் வைத்திருந்த பை

திருத்துறைப்பூண்டியில் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வீடியோவுக்கு அடியில் ஓடுகிற இங்கிலீஷ் வரிகளை மனுஷர் பேசுகிற மாதிரி எழுதித் தர ஊரில் ஒரே ஆள்தான். ஜெய்னுலாபுதீன் பாய் ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் ராஜாத்தி. அவள் வருவதற்கு முன்னால் பாயே அகராதியைப் புரட்டி எழுதிப் பார்த்தார். 'நீ இல்லாம என் உசுரு நிக்காது' என்று ஒரு மாப்பிள்ளை உருகியதை அவர் இங்கிலீஷில் போட்ட விதத்தில், லண்டனில் இருந்த பெண் வீட்டார் பையனுக்கு நெஞ்சுவலி என்று நினைத்து எந்த ஆஸ்பத்திரி என்று போனில் விசாரித்தார்கள். அன்றோடு பாய் அகராதியை மூடி வைத்துவிட்டார்.

ராஜாத்திக்கு ஒரு முறை உண்டு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் முழுவதையும் கேட்பாள். எழுத மாட்டாள். பிறகு, இதையே ஒரு வெள்ளைக்காரன், பக்கத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டி வந்தால் எப்படிச் சொல்வான் என்று யோசிப்பாள். தமிழில் பொங்கி வழிவது இங்கிலீஷில் நாலு வார்த்தைக்குள் அடங்க வேண்டும். படிக்கிறோம் என்பதே பார்ப்பவர்களுக்கு மறந்துபோக வேண்டும். 'மனசு கேக்கல, வந்துட்டேன்' என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அதற்கு ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'ஐ குடின்ட் நாட் கம்' என்று போட்டாள். பாய்க்கு அது என்னவென்றே புரியவில்லை. நியூஜெர்சியிலிருந்து நன்றி சொல்லிச் செய்தி வந்ததும் புரிந்ததுபோல் தலையாட்டினார்.

ஊரார் காதலுக்கெல்லாம் வார்த்தை தைத்துக் கொடுப்பவளுக்கு இருபத்தெட்டு வயதாகியும் ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவளும் சிரித்து மழுப்பிவிடுவாள். உண்மையான காரணம் ஒரு வயலில் கிடந்தது. அந்த வயலும் இப்போது வயலாக இல்லை.

அவள் அப்பா உத்திராபதியின் குடும்பம் மேலத்தெரு காயாரோகணத்தின் ஐந்து மா நிலத்தை மூன்று தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்துவந்தது. எல்லாம் வாய்வார்த்தைதான். குத்தகைக்காரர் பெயரைப் பதிந்துகொள்ளச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது, உத்திராபதியின் பெயர் மட்டும் ஒரு காகிதத்திலும் ஏறவில்லை. காயாரோகணம் லேசுப்பட்ட மனுஷர் அல்ல. எந்தக் கழகம் கோட்டைக்குப் போகிறதோ அந்தக் கரைக்கு வேட்டி மாற்றத் தெரிந்தவர். இறால் பண்ணைக்காரர்கள் நிலம் கேட்டு வந்ததும், உத்திராபதியைக் கூப்பிட்டு அறுப்போடு விட்டுவிடு என்றார். உத்திராபதி விவசாயிகள் சங்கத்துக்குப் போனார். சங்கம் பதிவுக்கு மனுப் போட்டது. அதிகாரி ஒரு திங்கட்கிழமை நிலத்தைப் பார்வையிட வருவதாகத் தாக்கல் வந்தது. வயலில் யார் பயிர் நிற்கிறதோ அவர் பேச்சுத்தான் எடுபடும் என்று சங்கத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். சம்பா நட்டு நன்றாகப் பச்சை பிடித்திருந்தது. உத்திராபதியும் அவர் தம்பி தியாகராசனும் இரவு பகலாக மாறி மாறிக் காவல் கிடந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறுதான் தியாகராசன் மகளுக்குக் காது குத்து. சீர்காழியில், அவன் மாமனார் ஊரில். தேதி குறித்தவன் தியாகராசன். பெரியப்பா போகாமல் பிள்ளைக்குக் காது குத்துவதா என்று கிளம்பினார் உத்திராபதி. அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை. களத்துக் கொட்டகையில் கயிற்றுக்கட்டிலில் போர்வையைச் சுருட்டி ஆள் படுத்திருப்பதுபோல் வைத்துவிட்டு, விடிவதற்கு முன்னால் குடும்பத்தோடு பஸ் ஏறினார்கள்.

மாலையில் திரும்பி வந்து பார்த்தபோது வயல் பச்சையாகத்தான் இருந்தது. உத்திராபதிக்கு ஏதோ பிசகாகப் பட்டு, இறங்கிப் போய் ஒரு பயிர்க்குத்தைத் தொட்டார். அது கையோடு வந்தது. வேர் ஓடாத நாற்று, அன்றைக்கு நட்டது. காயாரோகணத்தின் ஆட்கள் சேற்றுழவுக்கு இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டரை விட்டுப் பச்சை பிடித்த பயிரைச் சேற்றோடு மடக்கி உழுது, வேனில் கொண்டுவந்த வெளியூர்ப் பெண்களை வைத்துத் தங்கள் நாற்றை நட்டு முடித்திருந்தார்கள். நாற்றும் டிராக்டரும் எப்போதோ தயார். காவல் இல்லாத ஒரு பகல்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. மறுநாள், நாற்று நட்ட பெண்கள் எல்லாம் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். காயாரோகணத்தின் சொந்தச் சாகுபடி என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். யானை வாயில் போன கரும்பு திரும்பியா வரும்? அடுத்த கோடையில் அந்த ஐந்து மாவையும் வெட்டி இறால் குட்டை ஆக்கினார்கள். உத்திராபதி இப்போது அதே குட்டைக்கு ராக்காவல். தன் வயல் கிடந்த இடத்தில் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றி வருகிறார்.

வீட்டில் யாரும் இல்லாத அந்தப் பகலைக் காயாரோகணத்துக்கு யார் சொன்னது? இந்தக் கேள்வி ஐந்து வருஷமாக அந்த வீட்டில் சோற்றோடு பரிமாறப்பட்டது. உத்திராபதி தம்பியைத்தான் பிடித்தார். தேதி குறித்தவன் அவன்தானே. தியாகராசன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினான். அண்ணன் நம்பவில்லை. அவன் பெண்டாட்டி பிள்ளையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அங்கிருந்து பொங்கலுக்குப் பிள்ளையைப் பேசச் சொல்லிப் போன் போடுவான். உத்திராபதி எடுக்க மாட்டார்.

சொன்னவள் ராஜாத்தி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே ஒரு குடும்பமே கெட்டது. காயாரோகணத்தின் கடைசி மகன் துரைராசுவிடம், பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் சீர்காழி போகிறோம் என்று ஆசையாகச் சொல்லியிருந்தாள். இரண்டு வருஷமாக அந்த பஸ்ஸில்தான் அவர்கள் காதல் நடந்தது. வேறு இடம் ஏது? மேலத்தெருவும் கீழத்தெருவும் தண்ணீர்கூட ஒரே குழாயில் பிடிப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் சிம் கார்டை முள்ளியாற்றில் எறிந்தாள். அதே மாதம் அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒற்று அறிவதற்கென்றே பழகியிருக்கிறான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். முடிவு கட்டியவளுக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் சண்டாளன் என்றால் தன் பாவத்தில் பாதி அவனுக்குப் போகும். ஆனால் சண்டாளன் என்று நிச்சயமாகத் தெரியவும் இல்லை. வீட்டில் யாருக்கும் இது தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயம். தெரிந்தால் அப்பா தாங்க மாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை பாய் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பெரிய இடத்துக் கல்யாணம், ஞாயிறு முகூர்த்தம், சனிக்கிழமை வரவேற்பில் திரையிட வேண்டும் என்றார். பெண் கனடாவில் பிறந்து வளர்ந்தவள், பெயர் சௌந்தரநாயகி, இரண்டு வீட்டாரும் பார்த்து முடித்த சம்பந்தம். ஆனால் அவளுடைய சிநேகிதிகள் அங்கிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். காதலிக்காமலே கல்யாணமா என்று அந்தப் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்களாம். அதனால் இருவரும் எப்படிச் சந்தித்தார்கள், எப்படிக் காதலித்தார்கள் என்று ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் காதலித்தவர்கள் அதை மறைத்து, பார்த்து வைத்த கல்யாணம் என்று பத்திரிகை அடிப்பார்கள். இது தலைகீழ்.

"கதையெல்லாம் மாப்ளையே சொல்லிட்டாரும்மா, அசந்துட்டேன் போ" என்றார் பாய்.

திரையில் தாராசுரம் கோயில் மதில் வந்தது. அதன் முன்னால் பட்டு வேட்டியில் துரைராசு நின்றான்.

ராஜாத்தி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மறுக்கலாம். மறுத்தால் பாய் காரணம் கேட்பார், காரணம் சொல்ல முடியாது. தலைவலி என்று சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஐந்து வருஷமாகக் கேட்காத குரல். திரும்ப மாட்டிக்கொண்டாள்.

அவன் பஸ்ஸில் தொடங்கினான். நம் பஸ்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிற்பவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவார்கள். தெரிந்தவரா தெரியாதவரா என்று முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு நாள் ஒரு பெண் தன் பையை என் மடியில் வைத்தாள், மறுநாளும் வைத்தாள், அப்புறம் அந்தப் பைக்காகவே நான் முதல் ஸ்டாப்பில் ஏறி இடம் பிடித்தேன் என்றான். சோற்றுப் பாத்திரம் சுடும், மடி வேகும், எடுக்க மாட்டேன் என்றான். அடுத்த காட்சியில் வாடகைக்குப் பிடித்த ஒரு பஸ்ஸில் சௌந்தரநாயகி கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு நின்றாள். தோல் பையை அவனிடம் நீட்டினாள். பாவம், பஸ்ஸில் நிற்கக்கூடத் தெரியவில்லை அந்தப் பெண்ணுக்கு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ராஜாத்தியின் பை அது. எவர்சில்வர் டப்பாவில் அம்மா கட்டிய புளிச்சோறு. அவன் தன் கதை என்று சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆள் மட்டும்தான் வேறு.

வெட்டாத பகுதியில் சௌந்தரநாயகியின் குரல் மட்டும் ஓரத்தில் கேட்டது. உடைந்த தமிழில், இதெல்லாம் யாருக்காவது நிஜமாக நடந்ததா என்று கேட்டாள்.  துரைராசு கீழே புல்லைப் பார்த்தான். பிறகு, இல்லை, சும்மா ஒரு கதை என்றான்.

அந்த இடத்தை ராஜாத்தி திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

அதற்கப்புறம் வந்தது சீர்காழி. இந்தப் பகுதியைச் சொல்லும்போது அவன் கேமராவையே மறந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குடும்பத்தோடு சீர்காழிக்குப் போயிருந்தாள் என்றான். மனசு கேட்கவில்லை, பைக்கை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் போனேன் என்றான். கோயில் வாசலில், வளையல் கடையில் நின்றாள், ஊதாச் சேலை. அவள் அம்மா வளையல்காரரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள், டஜனுக்கு மேலே உடைகிறதற்கு என்று ஒன்று கூடக் கொடுய்யா என்று. அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒன்று கொடுத்தார், அது அந்த அம்மா கையிலேயே உடைந்து போயிற்று. அதற்கு மறுபடியும் சண்டை. சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. எதிர்க் கடையில் சோடா குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன், கூப்பிடவில்லை, அவள் போனதும் திரும்பி வந்துவிட்டேன் என்றான்.

 அவன் வந்திருக்கிறான். டிராக்டர் வயலில் இறங்கிய அதே நேரத்தில் அவன் சீர்காழியில் சோடா குடித்துக்கொண்டு அவளைப் பார்த்திருக்கிறான். ஊதாச் சேலையும் உடைந்த வளையலும் வேறு யாருக்கும் தெரியாது. ஐந்து வருஷமாகச் சுமந்த வெறுப்பு நொடியில் கழன்று விழுந்தது. அந்த இடத்தில் சந்தோஷம் வந்து உட்கார்ந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். அவன் என்னைத்தான் விரும்பினான், என்னைத்தான்.

அது அதிக நேரம் இருக்கவில்லை. அடுத்து அவன் சொன்னதை அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காலைல பைக்க எடுக்கறப்ப அப்பா பாத்துட்டாங்க. எங்கடான்னாங்க. சீர்காழின்னேன். அங்க என்னா வேலைன்னாங்க. பொய் சொல்ல வரல. உத்திராபதி வீட்டுல எல்லாரும் அங்கதான் போயிருக்காங்கன்னு வாயில வந்துடுச்சு. அப்பா ஒண்ணும் திட்டல. போயிட்டு வா, மெதுவா வான்னாங்க."

அதோடு நிறுத்தினான். முகம் மாறிவிட்டது. கேமராமேனைப் பார்த்து, இது வேண்டாம் அண்ணே, வெட்டிவிடுங்கள் என்றான்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் ஆசையில் அவனிடம் சொன்னாள். அவன் ஆசையில் கிளம்பினான், கிளம்பும்போது அப்பனிடம் பொய் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஐந்து மாவும் அதில் போய்விட்டது. சித்தப்பா ஊரை விட்டுப் போனதும் அதனால்தான். சண்டாளன் என்று ஒருவன் இருந்தவரை பாவத்தைப் பங்கு போட முடிந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

அவள் எழுதத் தொடங்கினாள். வேறு என்ன செய்வது? சனிக்கிழமை திரையிட வேண்டும்.

பஸ் காட்சிக்கு முதலில் வார்த்தை வரவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் ஒரு பெண் ஏன் பையைக் கொடுக்கிறாள் என்று கனடாக்காரி கேட்பாள். அதற்கு விளக்கம் எழுதினால் காதல் செத்துப்போகும். ஆறேழு தடவை அடித்துத் திருத்தினாள். கடைசியில் விளக்கம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, 'ஷி ஹேண்டட் மீ ஹர் பேக். ஐ ஹெல்ட் இட் ஃபார் டூ இயர்ஸ்' என்று போட்டாள். போட்ட பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் வாழ்க்கையைத் தானே இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொண்டதில்லை. சீர்காழிக்கு, பழைய 'ஐ குடின்ட் நாட் கம்' அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. வேறு யாருக்கோ என்று அன்றைக்கு மண்டையை உடைத்துக்கொண்டது, தனக்கேதான் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவன் வெட்டச் சொன்ன இடம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. பாய்க்கு இரண்டு குறை. கூப்பிடவில்லை என்று முடிகிறதே, வெளிநாட்டுக்காரர்களுக்குச் சப்பென்று போய்விடுமே, அடியில் இங்கிலீஷிலாவது கூப்பிட்டேன் என்று போடேன் என்றார். தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒன்றுமில்லை, படிக்கிறவர்களுக்குத்தானே படம் என்றார்.

ராஜாத்தி யோசித்தாள். அவள் நினைத்தால் இதே இடத்தில் உண்மையை எழுதலாம். இந்தக் கதை உன்னுடையது இல்லை என்று அந்தப் பெண் புரிந்துகொள்ளும்படி ஒரே ஒரு வரி போதும். கை ஒரு கணம் அதற்கும் துணிந்தது. ஆனால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்? தவிர, ஒரு நூல் வெளியே வந்தால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்து அப்பா முன்னால் நிறுத்திவிடுவார்கள். 'ஐ கால்ட் ஹர் நேம். ஷி டர்ன்ட்' என்று தட்டினாள். அன்றைக்குக் கூப்பிடாதவனை அவளே இங்கிலீஷில் கூப்பிட வைத்தாள். அவளே திரும்பியும் பார்த்தாள்.

இரண்டாவது குறை வளையல் கடை. நீளமாக இருக்கிறது, அந்த அம்மா சண்டை எதற்கு, தூக்கிவிடலாமா என்று கேட்டார் பாய்.

"இருக்கட்டும் பாய்" என்றாள் ராஜாத்தி.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். அவன் வந்தான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அந்த வளையல் கடைதான். தன் பெயர் இல்லாவிட்டால் போகட்டும், அது எங்காவது ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாள். பாய் சரி என்று எழுந்துபோனார். இரண்டு நாளாக அவள் பயந்ததெல்லாம் இங்கிலீஷுக்குத்தான். ஒவ்வொரு வரியையும் எதிர்வெயிலில் துணி பார்ப்பதுபோல் பிடித்துப் பார்த்து, சந்தேகம் வரும்படி எதுவும் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்ட பிறகே வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானமே அம்மா பூவம்மாள் சமையல் கான்ட்ராக்ட் ஆட்களோடு மண்டப வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நிலம் போன பிறகு அவளுக்கு அதுதான் பிழைப்பு, பாத்திரம் கழுவுவதும் எச்சில் இலை எடுப்பதும். யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லவில்லை. சொன்னால் உத்திராபதி விட மாட்டார். கூலிக்குப் போகிற இடத்தில் பகை பார்த்தால் அடுப்பு எரியுமா என்பது பூவம்மாள் கட்சி. ராஜாத்தியும் கேட்கவில்லை. முகூர்த்த நாளில் ஊரில் எத்தனையோ மண்டபம். தான் என்ன வேலை செய்தேன் என்று அவளும் வீட்டில் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நல்ல எண்ணத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூவம்மாள் திரும்பி வந்தாள். உத்திராபதி ராக்காவலுக்குப் போவதற்கு முன்னால் உள்ளே கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மண்டபத்தில் கொடுத்த சோற்று மூட்டையைப் பூவம்மாள் இறக்கி வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தாள். ராஜாத்தி வாங்கப் போனாள். கொடுக்கவில்லை.

ராத்திரி மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் படம் போட்டார்கள் என்றாள். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் படம் தெரியாது, பேச்சு மட்டும் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது என்றாள். குரல் தணிந்து, அலுப்பில் பேசுவதுபோல் இருந்தது.  படத்தில் தமிழ் ஓடும் என்பதையே ராஜாத்தி மறந்துவிட்டிருந்தாள். யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வளையக்காரன்ட்ட ஒரு பொம்பள சண்ட போட்டாளாம். ஒடையறதுக்கு ஒண்ணு கூடக் கேட்டாளாம். மண்டபமே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன், கைல சட்டிய வச்சுக்கிட்டு. அப்பறந்தான் தெரிஞ்சுது, அது நான்னு."



பூவம்மாள் அழவில்லை. ஊதாச் சேலையை வைத்துப் பார்த்தேன், சீர்காழியை வைத்துப் பார்த்தேன், பஸ்ஸையும் பையையும் வைத்துப் பார்த்தேன் என்றாள். ஒரு ராத்திரி முழுக்கச் சட்டி தேய்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன் என்றாள். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பய அன்னைக்கு அங்க எப்புடி வந்தான்? நாம போறம்னு அவனுக்கு யாரு சொன்னா?"

சொல்ல எத்தனையோ இருந்தது. அவன் கெட்டவன் இல்லை, அவன் வாய்தவறிச் சொன்னான், நானும் கெடுதல் நினைக்கவில்லை.  ராஜாத்தி தலையைக் குனிந்துகொண்டாள், அதுவே பதிலாக இருந்தது.

"தியாகராசன் கற்பூரத்த அணச்சான்" என்றாள் பூவம்மாள். "இந்த எடத்துலதான். கை வெந்துபோச்சு அவனுக்கு. நாந்தான் மருந்து போட்டேன், திட்டிக்கிட்டே."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. தம்பி பெயர் காதில் விழுந்திருக்க வேண்டும். யார் பேச்சு அது என்று உத்திராபதி உள்ளிருந்து கேட்டார்.  பூவம்மாள் சோற்று மூட்டையை ஒருவழியாகக் கீழே வைத்தாள். எழுந்து சட்டிகளைத் துலக்கப் போகிறவள்போல் கொல்லைப்பக்கம் நடந்தாள். நிலைப்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"போ. நீயே சொல்லு. நான் சொன்னா அது உன்னய காட்டிக்குடுத்த மாரி ஆயிடும்."

ராஜாத்தி உள்ளே போனாள். உத்திராபதி எழுந்து உட்கார்ந்து, காவலுக்குக் கொண்டுபோகும் டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் டார்ச்சை வைத்துவிட்டு நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். ராஜாத்தி உட்கார்ந்தாள். அப்பாவின் காலில் குட்டைச் சேறு காய்ந்து கிடந்தது. ஊர் உலகத்துக் காதலை எல்லாம் நாலே வார்த்தையில் அடக்கியவள், இதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தேடினாள். எப்படிச் சொன்னால் இயல்பாக இருக்கும்? எப்படிச் சொன்னாலும் இருக்காது. கடைசியில் கதை தொடங்கிய இடத்திலேயே தொடங்கினாள்.

"பஸ்ஸுல ஒருத்தர்ட்ட என் பையக் குடுத்தேன்ப்பா" என்றாள். அதற்குள் அழுதுவிட்டாள்.

உத்திராபதி அவள் அழுவதைப் பார்த்துப் பதறிவிட்டார். சேறு காய்ந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அவள் தலையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போயிட்டானா? போனாப் போவுதும்மா. அதுக்கா அழுவுற? அப்பா வேற வாங்கித் தாரேன்."